நட்டுக்குள் ஏறாத மரை

சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பட்டாசு லேபிள்களை எண்ணிக் கட்டும் வேலை பார்த்தாள் பாண்டிச்செல்வி. கூரையிலிருந்து திரெட் ராடுகளில், அதாவது மரை வெட்டிய கம்பிகளில், தொங்கிய இரும்புத் தட்டு, காகிதக் கட்டுகளோடு அவள் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

தட்டை மாட்டியவன் கோட்டைச்சாமி. நீளம் பற்றாததால் இரண்டு துண்டு ராடுகளை ஒரு நீள நட்டால் இணைத்திருந்தான். மேல் ராடின் நுனி மட்டும்தான் நட்டுக்குள் ஏறியிருந்தது. மரை நசுங்கி உருவிக் கிடந்ததைப் பாண்டிச்செல்வியின் அக்கா முருகேஸ்வரி தன் கண்ணால் பார்த்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ள தட்டு மேல ஏறி நின்னுச்சு சார்" என்று போலீசில் சொன்னான் கோட்டைச்சாமி. கேஸ் அதோடு முடிந்தது. ஊரும் அதையே பேசியது.

முருகேஸ்வரி பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஒரு இரும்புச் சாமான் கடையில் சேர்ந்தாள். பைப் தொங்கவிட, ஏசி மாட்ட, சீலிங் போட என்று திரெட் ராடு கேட்டு ஃபிட்டர்கள் தினமும் வருகிற கடை. கோட்டைச்சாமியும் ஒருநாள் வருவான் என்று காத்திருந்தாள்.

வந்தான். கூடவே ஞானபூரணி என்ற நர்ஸம்மா. சாத்தூரில் சின்ன ஆஸ்பத்திரி கட்டுகிறார். நோயாளிகள் படுக்கைக்கு மேலே பைப் தொங்கவிட ராடு வேண்டும். கோட்டைச்சாமிக்கு முருகேஸ்வரியை அடையாளம் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அன்று அவள் எதிரே நின்றும் அவன் அவள் முகத்தை ஏறிட்டே பார்க்கவில்லை.

ராடுகளை எடுத்து வைத்தபடியே கேட்டாள். "அண்ணாச்சி, ரெண்டு ராட சேக்கணும்னா நட்டுக்குள்ள நுனி மட்டும் போனாப் போதுமா?"

அவன் சிரித்தான். "போதாதுத்தா. ரெண்டு பக்கமும் பாதிப் பாதி ஏறணும். இல்லன்னா வெயிட்டுக்கு உருவிட்டு வந்துரும். இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. நான் பாண்டிச்செல்வி அக்கா."

அவன் கையிலிருந்த வாஷர்கள் தரையில் சிதறின. முருகேஸ்வரி நடந்தது அத்தனையையும் நர்ஸம்மாவிடம் சொன்னாள்.

"நெசமா கோட்டைச்சாமி?" என்று கேட்டார் அவர். அவன் குனிந்து வாஷர்களைப் பொறுக்கினான். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

அதன்பிறகு கடைக்கு வந்த ஒவ்வொரு கொத்தனாரிடமும் ஃபிட்டரிடமும் அவள் அதையே சொன்னாள். கோட்டைச்சாமியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் விஸ்வநத்தத்தில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்ன செய்யணும்னு சொல்லுத்தா. செய்றேன்."

"பிரஸ்ஸுக்கு வாங்க. அங்கன வேல பாக்குற பொம்பளைக அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லுங்க."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தூக்குவாளிகளைத் திறந்து உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னால் அவன் நின்றான். முருகேஸ்வரி தன் தாய் கருப்பம்மாளையும் அழைத்து வந்திருந்தாள்.

"அந்தப் பிள்ள ஏறல. கீள நின்னுதான் கட்டு எடுத்துச்சு. ராட நான் மாட்டுன விதந்தான் தப்பு."

கருப்பம்மாள் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு அழுதாள். பெண்கள் யாரும் சாப்பிடவில்லை.

வெளியே வந்ததும் அவன் கேட்டான். "இனி விட்டுருவேல்ல?"

"விடுறேன்னு எப்பச் சொன்னேன்?"

"போதும்டி, அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்றாள் தாய், பஸ்ஸில்.

மறுநாள் காலை கடைக்கு எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஃபிட்டரிடம் முருகேஸ்வரி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை, கோட்டைச்சாமி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதையும் சேர்த்து.