அத்தருக்குத் துடித்த ஈ

என் மூக்கு கொரோனாவோடு போனது. பொரித்த மீனும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். அப்படிப்பட்டவள் கப்பல்துறை என்ற ஊரின் விவசாய ஆய்வுகூடத்தில் மணத்தை ஆராய்கிறாள் என்று கிண்ணியாவில் சிரிக்காத ஆளில்லை. சிரிக்கட்டும். மோப்பம் பிடிப்பது ஈயின் வேலை, என்னுடையதல்ல.

கட்டைபறிச்சான் தோட்டங்களில் பாகற்காயைக் கெடுக்கும் ஈ அது. அதன் உணர்கொம்பு நிறைய மயிர்கள், மயிர்களில் நுண்துளைகள். மணத்தின் மூலக்கூறு துளைக்குள் நுழைந்ததும் ஒரு புரதம் அதை நரம்புக்கலத்திடம் சுமந்து செல்லும். அங்கே பூட்டில் சாவிபோல, தனக்குப் பொருந்தும் ஏற்பியில் மூலக்கூறு ஒட்டினால் வழி திறந்து அயனிகள் உள்ளே பாயும், கலம் துடிக்கும். மெல்லிய ஊசியால் அந்தத் துடிப்பைப் பிடித்து ஒலிபெருக்கியில் கேட்கலாம். நான் பிடித்திருந்த கலம் மல்லிகை மணத்துக்குத் துடிப்பது.

அந்த வெள்ளிக்கிழமை, துறைத்தலைவி புஷ்பவதி மேடம் என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். மணம் தெரியாதவளிடம் இந்த ஆய்வைத் தொடர்ந்து விடலாமா என்று அன்று அவர் முடிவு செய்ய வேண்டும். நான் மல்லிகை மணம் அடைத்த குழாயைத் திறக்கும் முன்பே ஒலிபெருக்கி படபடவென்று பொரியத் தொடங்கியது.

"குழாய் ஒழுகுது, சுஹைரா. எனக்கே மல்லிகை மணக்குது. உங்களுக்கு அது தெரியப்போறேல்ல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. குழாயைப் பூட்டியது நான். ஈ பொய் சொல்லாது. திரும்பிப் பார்த்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து சோற்றுப் பார்சலோடு வந்த என் கணவர் அகீல், வாசலோரத்து மின்விசிறிக்கு முன்னால் நின்றார். அவரை முற்றத்துக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் சத்தம் அடங்கியது. உள்ளே கூப்பிட்டேன். மறுபடி பொரிந்தது.

"அத்தர் பூசியிருக்கீங்களா?"

"ஓம். நீங்க கலியாணத்துக்கு வாங்கித் தந்த அதே மல்லிகை அத்தர்தான். ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டதில்ல."

என் மூக்கு போனதோடு அவர் அதை விட்டுவிட்டார் என்றே நினைத்திருந்தேன். சொன்னால் நான் நொந்துபோவேன் என்று அவர் வாயே திறக்கவில்லையாம்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வு என்னுடையதுதான் என்றும், அகீலை வெளியே விட்டுவிட்டுத் தொடங்கும்படியும் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்க, மேடம்."

அகீலின் மணிக்கட்டைப் பிடித்து ஈயின் அருகே கொண்டுபோனேன். ஒலிபெருக்கி ஓயாமல் பொரிந்தது. எனக்கு அழுகை வந்தது. என் கணவரின் மணத்தைக் காது நிறையக் கேட்டுக்கொண்டு நின்றேன்.