ஒரு தவிட்டு மூட்டைக்குக் கூலி

அழுகிய மீன் ஒன்றை ஐம்பதாயிரம் பொற்காசு கொடுத்து வாங்கி, வாங்கிய கையோடு தரையில் வீசினான். அதுதான் இவன் உத்தியோகம். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இரும்புக் கவசம் மாட்டிய யாரோ ஒரு மாவீரன், நிஜப் பணத்தை முதலாளியின் கணக்கில் கட்டியிருப்பான். அதற்குரிய விளையாட்டுக் காசு அவனுக்குப் போய்ச் சேர வேண்டும். சும்மா தூக்கிக் கொடுத்தால் விளையாட்டை நடத்தும் கம்பெனி மோப்பம் பிடித்துவிடும். ஆகவே மாவீரன் சந்தையில் ஒரு குப்பையை விலைக்கு வைப்பான். இவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வான். காலை முதல் மாலை வரை குப்பை வாங்குவதும், நடுநடுவே போனில் விலை கேட்பவர்களுக்கு விலை சொல்வதுமாகப் பொழுது போகும்.

மூடிப்போன துணிக்கடை ஒன்றின் மாடி அது. உடுத்திப் பார்க்கும் கண்ணாடிகளைக்கூட யாரும் கழற்றவில்லை. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், பாதிக்கு முன்னால் ஆளே கிடையாது. அவற்றில் பொம்மை மனிதர்கள் தாமாகவே பாறை உடைத்துக்கொண்டிருப்பார்கள். உடைக்க உடைக்கக் காசு கொட்டும். வீட்டில் டேட்டா என்ட்ரி என்று சொல்லி வைத்திருந்தான். வீடு என்றால் அக்கா வீடு. மாமாவுக்குச் சர்க்கரை ஏறிக் கண் மங்கி, பஸ் ஓட்டும் லைசென்ஸ் போன நாளிலிருந்து அந்த வீட்டின் வாடகை இவன் சம்பளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

லைசென்ஸ் போன புதிதில் மாமா சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டார். பார்க்கச் சகிக்காமல் இவன்தான் வேலை பார்க்கும் கடையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்து, எழுத்துகளைப் பெரிதாக்கி, அதே விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். வாள் சண்டை, டிராகன் எதையும் மாமா சீண்டவில்லை. ஒரு குதிரை வண்டி வாங்கினார். துறைமுகத்திலிருந்து மலை ஊருக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போனார். மூட்டைக்கு நாற்பது காசு கூலி. சொன்ன நேரத்துக்குக் கிளம்புவார், சொன்ன நேரத்துக்கு இறக்குவார், வழியில் கொள்ளைக்காரன் வந்தால் சுற்றுப்பாதையில் திருப்பிவிடுவார். எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ உப்பை வாரிக்கொண்டு அவர் வண்டிக்காகக் காத்து நின்றார்கள். மாமா மறுபடியும் தினம் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார்.

அதில்தான் மண் விழுந்தது.

"என்ன மாப்ளே இது அநியாயம்? ஒரு கட்டுப் புல்லு ரெண்டு காசு வித்துது. இன்னைக்கு எம்பது!" தட்டில் கை வைக்காமல் பேசினார் மாமா.

"கூலியை ஏத்துங்க மாமா."

"யாருகிட்ட ஏத்த? நேத்து வந்த பொடிசுங்க. நாள் பூரா வாரினாலும் நூறு காசு தேறாது. அதையும் நானே உருவிட்டா அதுங்க என்னத்தைப் பண்ணும்?"

"அப்பப் பெரிய ஆளுங்க சரக்கா பாத்து ஏத்துங்க."

"பெரிய ஆளு! வெளிய பணம் கட்டி உள்ள காசு வாங்குறவனுங்க. புல்லு ஆயிரம்னாலும் பேரம் பேசாம தூக்கிட்டுப் போறான். விக்கிறவன் சும்மா விடுவானா? இதுக்குன்னே எவனோ ஆபீஸ் போட்டு உக்காந்திருக்கானாம். என் கையில மட்டும் கிடைச்சா, பஸ் சக்கரத்துல வெச்சு ஏத்துவேன்."

"பஸ்ஸுக்கு எங்க போவீங்க?" என்றாள் அக்கா. "பொம்மைக் குதிரைக்குப் புல்லு விலை ஏறிடுச்சுன்னு புலம்பற ஒரே ஆம்பளை நீங்கதான். காய்கறி விலையை ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

மாமா சிரித்துவிட்டார். இவன் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தான். கணக்கு இவனுக்குத் தெரியும். பாறை உடைந்துகொண்டே இருக்கும், காசு பெருகிக்கொண்டே இருக்கும். புல் மட்டும் அதே வயலில் அதே அளவுதான் முளைக்கும்.

பட்டினியில் ஒரு குதிரை செத்தது. அன்று மாமா கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா வாசலில் நின்று தம்பியைப் பார்த்தாள். பழையபடி ஆகிவிடுவாரோ என்பதுதான் அந்தப் பார்வை.

மறுநாள் கடையிலிருந்து விளையாட்டுக்குள் புதுப்பெயர் ஒன்றில் நுழைந்து, மாமாவின் வண்டியில் ஒரு தவிட்டு மூட்டையை ஏற்றி, கூலியாக ஐம்பதாயிரத்தை அழுத்தினான். முதலாளியின் காசு. அன்றைய கணக்கில் எங்காவது சொருகிக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் காசு திரும்பி வந்தது, நாற்பது மட்டும் குறைந்து.

"எவனோ கிறுக்கன் மாப்ளே," என்று சாயங்காலம் மாமா கெக்கலித்தார். "தவிட்டு மூட்டைக்கு ஐம்பதாயிரமாம்! மீதியைத் திருப்பி மூஞ்சியில அடிச்சேன். நாப்பதுன்னா நாப்பதுதான்."

இவனுக்கு எரிச்சல் வந்தது. யோக்கியனுக்கு உதவுவதைப் போல ஓர் இம்சை கிடையாது. அடுத்த நாளிலிருந்து வேறு வேறு பெயர்களில் போனான். ஆளுக்கொரு தவிட்டு மூட்டை, ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. தூரம் அதிகம், மழை, அவசரம் என்று ஏதாவது சாக்குச் சொன்னான். மாமாவும் வியாபாரம் சூடு பிடித்துவிட்டதென்று நம்பினார். புதுக் குதிரை ஒன்று வாங்கினார். பொடிசுகளின் உப்பை இனாமாகவே ஏற்றினார்.

பிறகு ஒரு காலையில் மாமாவின் திரையில் வண்டி இல்லை, துறைமுகம் இல்லை. வெள்ளைப் பின்னணியில் ஒரு வரி மட்டும் இருந்தது. வெளியாரிடம் பணம் கட்டிக் காசு வாங்கியதால் இந்தக் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது.

படித்ததும் இவனுக்கு விளங்கிவிட்டது. குப்பைக்குப் பெரிய விலை. அதைத் துண்டு துண்டாக, பெயர் மாற்றி மாற்றி. வாடிக்கையாளருக்குக் காசு கொடுக்கிற அதே முறையில் மாமாவுக்கும் கொடுத்திருக்கிறான். கைக்கு வேறு முறை தெரியாது. மாமா திருப்பி அனுப்பியது, தடத்தை மறைக்கச் செய்த தந்திரமாகக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கும். கடையிலும் அன்று ஏழெட்டுக் கணக்குகள் போயின. "போனா மயிரே போச்சு, புதுசா தொறங்கடா," என்றார் முதலாளி. டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டார்கள்.

"நீதானே கம்ப்யூட்டர் ஆளு, மனு எழுது மாப்ளே," என்று மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஒரு பைசா கட்டினதில்லைன்னு எழுது. இருபத்திரெண்டு வருசம் பஸ் ஓட்டியிருக்கேன், ஒரு சொட்டு டீசல் திருடினதில்லை, அதையும் எழுது."

"அதெல்லாம் எதுக்கு மாமா?"

"எழுதுடா. மனுசன் யாருன்னு தெரிய வேணாமா?"

எழுதினான். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. காசு அனுப்பியவர்களை உங்களுக்குத் தெரியுமா? பெயர்களைச் சொன்னால் கணக்கு திரும்பக் கிடைக்கலாம். கடை மாட்டிக்கொள்ளும், வேலை போகும், வாடகை நிற்கும். விரல்கள் எழுத்துகளின் மேலே நின்றன.

"தெரியாதுன்னு போடு," என்றார் மாமா. "எந்தப் பரதேசியோ, யாரு கண்டா?"

தெரியாது என்று போட்டான். பதிலாக அதே வெள்ளைத் திரை வரி திரும்பி வந்தது.

சில நாள் மாமா அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு விடுமுறை நாளில் இவன் கூடத்துக்கு வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். புதுக் கணக்கு. ஓசியில் கிடைக்கிற சாக்குத்துணிச் சட்டையோடு ஒரு பொம்மை துறைமுகத்தில் நின்றது. அடுப்படியில் அக்கா பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது.

"வண்டி இப்ப மூணு லட்சமாம்," என்றார் மாமா திரும்பாமல். "உப்பு வாரிச் சேத்தா என் ஆயுசு பத்தாது." சிறிது நேரம் மௌஸை வெறுமனே நகர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன் மாப்ளே, வெளிய விக்கிறானுங்கல்ல. வாங்காமலே வாங்கினவன்னு பேரு வந்தாச்சு. லட்சம் என்ன விலை வரும்? உங்க ஆபீஸ்ல யாரையாவது கேட்டுப் பாரேன்."

"லட்சம் நானூத்தம்பது ரூபா. மூணா எடுத்தா ஆயிரத்தி இருநூறு, பத்து நிமிசத்துல கைக்கு வந்துடும்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டான், போனில் சொல்கிற அதே குரலில்.

மௌஸ் நின்றது. அடுப்படிச் சத்தமும் ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் நின்றது.

"தவிட்டு மூட்டை," என்றார் மாமா. திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மாமா, நான் உங்களுக்காகத்தான்…"

மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அதன் முதுகைப் பிடித்து இவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"உக்காருங்க. எனக்கு வாங்கத் தெரியாது."

இவன் உட்கார்ந்தான். இருக்கை சூடாக இருந்தது. மாமா பின்னாலேயே நின்றார். மூச்சு மட்டும் கேட்டது. திரையில் மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்துப் படியில் வெறுங்காலோடு நின்ற பொம்மையின் தலைக்கு மேல், பெயர் கேட்கும் காலிக் கட்டம் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.