மைக்கில் ஒரு ஜெபம்

என் வீட்டுக்காரருக்கு ஜெபம் என்று வந்துவிட்டால் உலகமே மறந்துபோகும். ஊரில் இருக்கும் சபையார் இதைப் பெரிய வரமாகச் சொல்வார்கள். கூடக் குடும்பம் நடத்தியவள் நான். எனக்கு அப்படித் தெரிந்ததில்லை. அடுப்பில் சோறு குழைந்தாலும், வாசலில் வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரன் வந்து நின்றாலும், கண்ணை மூடினால் மூடினதுதான்.

ஊழியத்துக்கென்று நாங்கள் கடல் கடந்து போனபோது மகள் என் இடுப்பில் இருந்தாள். இது நடந்தபோது அவள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற பெண். அந்த ஊர் மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வகுப்பெடுத்து எடுத்து எனக்கும் படிந்துவிட்டது. இவருக்குத்தான் காய்கறி வாங்குவதற்கும் வழி கேட்பதற்கும் மேல் வரவில்லை. "பிரசங்கமும் ஜெபமும் தாய்மொழியிலதாம்மா பொங்கி வரும்" என்பார். பொங்கினதை மற்றவர்களுக்கு அள்ளி ஊற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அந்த ஊர்க்காரர். நம் ஆட்களோடு ஒரே தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்துத் தமிழ் கற்றவர். என் மகள் அவருக்கு 'எதிரொலி' என்று பெயர் வைத்திருந்தாள்.

எதிரொலி தங்கமான மனிதர். ஆரம்பத்தில் ஒரு தடவை, ஜெபம் ரயில் மாதிரி நீளுகிறதே என்று நாலைந்து வாக்கியத்தைச் சேர்த்து ஒன்றாகச் சுருக்கிவிட்டார். இவர் கண்டுபிடித்துவிட்டார். "நான் அழுதா நீங்களும் அழணும். நான் இருமினா மட்டும் இரும வேண்டாம். மத்தபடி ஒரு வார்த்தை கீழ விழக்கூடாது" என்று உட்கார வைத்துச் சொன்னார். அன்றிலிருந்து இவர் ஒரு மைக்கில், அவர் இன்னொரு மைக்கில். இவர் கண்ணை மூடினால் அவரும் மூடுவார். இவர் குரல் தழுதழுத்தால் அவர் குரலும் தழுதழுக்கும். ஒரு வார்த்தை கீழே விழாது.

மரச்சாமான் கிடங்கு ஒன்றின் மாடியில்தான் சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாள் சாயங்காலங்களில் அதே பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, எழுத்துத் தெரியாத அந்த ஊர்ப் பெண்களுக்கு நான் வகுப்பெடுப்பேன். கீழே ரம்பம் ஓடும். அதற்கு மேலே கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும். சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண் ஒருத்தி அந்த வகுப்புக்கு வந்தாள். சின்னப் பெண்தான். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகளையும் கூட்டி வருவாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் அவள் கதைப் புத்தகம் கேட்கவில்லை, வேதப்புத்தகமும் கேட்கவில்லை. பஸ் போர்டில் வரும் ஊர்ப் பெயர்களை எழுதித் தரச் சொன்னாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் கழுத்தைச் சுற்றிக் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது. புருஷன் குடித்தால் ஒரு மாதிரி, குடிக்காவிட்டால் அதைவிட மோசம் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். தூரத்து ஊரில் அவளுக்கு அக்கா இருக்கிறாளாம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பிள்ளையோடு போய்விடப்போகிறாளாம். பஸ் நிலையம் வரை சபை வேனில் கொண்டுபோய் விட வேண்டும். வேன் ஓட்டுவது இவர். அதனால் இவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினாள். நான் நடுவில் இருந்து இவருக்குத் தமிழில் சொன்னேன்.

"அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு அக்கா. பேச்சுக்குச் சொல்லல" என்றாள்.

"இந்த விஷயம் இந்த ரூமைத் தாண்டாதுன்னு சொல்லும்மா. விடியறதுக்கு முன்னாடி நானே கொண்டுபோய் பஸ்ல ஏத்தி விடறேன்" என்றார் இவர். கண்ணில் தண்ணீர் நின்றது. இவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் எனக்கு வெறுக்கவாவது சுலபமாக இருந்திருக்கும்.

"உன் மாமியார் நாளைக்கு சபைக்கு வருவாங்களே?" என்று நான் கேட்டேன். அந்த அம்மாள் ஒரு ஞாயிறு தவற மாட்டாள். மூட்டு வலிக்கு ஜெபமும், ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியும், முடிந்ததும் சூடாக ஒரு டீயும்.

"வரட்டும் அக்கா. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கடையில வேலைன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் காலை ஆராதனை. மாமியார் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் கீபோர்டில் மெதுவாக வாசித்துக்கொண்டிருக்க, இவர் ஜெபத்தை ஆரம்பித்தார். வியாதியஸ்தர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வேலை தேடுகிறவர்கள். எல்லாம் வழக்கமாக வருகிறவர்கள்தான். நானும் கண்ணை மூடியிருந்தேன். மனசுக்குள் திங்கட்கிழமைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன், உண்மையைச் சொல்வதானால்.

பிறகு இவர் குரல் தழுதழுத்தது. "ஆண்டவரே, நாளைக்கு அதிகாலையில் தன் பிள்ளையோடு பஸ் ஏறப்போகிற உம்முடைய மகளை நினைத்தருளும். இஸ்திரி போட்டுப் போட்டுத் தழும்பேறின அந்தக் கைகளை நீர் பிடித்து நடத்தும். அந்தக் கொடுமைக்காரன் கைக்கு அவளை விலக்கிக் காத்தருளும்."

கீபோர்டு நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். என் மகள் இரண்டு கைகளையும் தூக்கி வைத்துக்கொண்டு எதிரொலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரொலி கண்ணை மூடி, உருகி உருகி, பஸ்ஸை, பிள்ளையை, இஸ்திரியை, கொடுமைக்காரனை எல்லாம் ஊர் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரைப் பற்றி என்று அவருக்கு என்ன தெரியும், பாவம்.

"என்னங்க!" என்று கத்தினேன்.

ஜெபத்தில் பெண்கள் கத்துவது எங்கள் சபையில் புதிதில்லை. நான் உருகிவிட்டேன் என்று நினைத்து இவர் குரலை இன்னும் உயர்த்தினார். பின்வரிசையில் ரெண்டு பெண்கள் சேர்ந்து "ஆமென்" என்றார்கள். நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப் போய் மைக் வயரைப் பிடுங்கினேன். திரும்பிப் பார்த்தால் ஹீட்டர் பக்கத்து நாற்காலி காலி. அந்த அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே போய்விட்டாள். யாராவது கைபிடித்தால்தான் படி இறங்குகிறவள், அன்று தானாகவே இறங்கினாள். டீ கூடக் குடிக்கவில்லை.

நானும் பின்னாலேயே இறங்கினேன். கிடங்கு வாசலில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பிடுங்கப் போனேன், அதற்குள் பேசி முடித்துவிட்டாள்.

இவரை இழுத்துக்கொண்டு வேனில் சலவைக்கடைக்குப் போனோம். வழியெல்லாம் சிக்னல். சலவைக்கடை முதலாளியம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "இப்பத்தான் போனா. புருஷன் போன் பண்ணினான். பிள்ளை வாந்தி எடுக்குதாம்."

பிள்ளை பெயரைச் சொன்னால் எந்தத் தாய் யோசிப்பாள்?

அவள் வீடு மேல்மாடியில். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன், உதைத்தேன். என் வீட்டுக்காரர் தோளால் மோதினார். கீழ்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். போலீஸ் வந்து கதவை உடைத்தபோது அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். மூச்சு இருந்தது. முகம் முகமாக இல்லை. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பின்பக்கப் படிக்கட்டுக் கதவு திறந்து கிடந்தது.

மாமியார் அதற்குப் பிறகுதான் மூச்சு வாங்க வாங்க ஏறி வந்தாள். போலீஸ் விசாரித்ததற்கு, "எனக்கு என்ன தெரியும்? நான் சபையில இருந்தேன். பாஸ்டரையே கேளுங்க" என்றாள். நான் போனைப் பற்றிச் சொன்னேன். மகனைச் சாப்பிட வரச் சொன்னேன் என்று கண் இமைக்காமல் பதில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் பேர் சொல்லலையேம்மா" என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "பேர் ஒண்ணுதான் பாக்கி. எந்த நாளு, எந்த நேரம், என்ன வேலை பாக்குறா, எல்லாம் அவருக்கு நீங்க எடுத்துக் கொடுக்கணுமா? உங்க ஆண்டவருக்குத் தெரியாதா?"

"நான் அவர்கிட்டத்தான் பேசினேன்."

"மைக்குல பேசினீங்க."

மகள் வாசல் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிற பெண், அன்று அவரைத் தாண்டித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். எதிரொலியும் வந்தார். விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் சோறு தண்ணீர் இல்லாமல் பாதியாகிப் போயிருந்தார். "நான் வரக்கூடாதுன்னா சொல்லுங்க அக்கா, போயிடறேன்" என்று வராந்தாவிலேயே நின்றார். நான்தான் உள்ளே வரச் சொன்னேன். யாரைத் தள்ளி யாரைச் சேர்ப்பது?

அவள் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண்ணால் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். வேனில் வரும்போது அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் முழங்கால் தரையில் பட்டதும் கண் தானாக மூடிக்கொண்டது.

"ஆண்டவரே" என்றார்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற எதிரொலியும் கண்ணை மூடி, ஊர் மொழியில், "ஆண்டவரே" என்றார்.

ஊசி ஏற்றியிருந்த அவள் கை போர்வையிலிருந்து மெல்ல எழுந்தது. இவர் கையைப் பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். மன்னித்துவிட்டாள் என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன். அவள் கை இவர் வாயைப் பொத்தியது. அவளிடம் பலமே இல்லை. ஆனாலும் அழுத்திப் பொத்தினாள். இவர் கண்ணைத் திறந்தார். தலையை அசைக்கவில்லை, கையை விலக்கவும் இல்லை. அவள் விரல்களுக்கு மேலே இவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

அவள் கம்பிக்குள்ளிருந்து ஏதோ கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். எனக்குப் புரிந்தது. ஆனாலும் எதிரொலி, பழக்கதோஷமோ என்னவோ, குனிந்து இவருக்குத் தமிழில் சொன்னார்: "பொண்ணு எங்கன்னு கேக்குறாங்க ஐயா."

வாய் பொத்தப்பட்டவர் என்ன சொல்வார்? நான்தான் கிட்டே போய், அவள் மொழியில், இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.