ஏழாவது பாட்டு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் கடைசிப் படியில் பாலு கால் வைத்ததும் அழுகை நின்றது.

முதலில் அவனுக்கு அது உறைக்கவில்லை. விடியற்காலையில் குன்னூரிலிருந்து புறப்பட்டு, ஊட்டி, கூடலூர் என்று வளைந்து வளைந்து, சேரம்பாடி தாண்டி எஸ்டேட் ரோட்டில் வேனை நிறுத்தும்வரை அவனும் கூட வந்த இரண்டு பேரும் வழியில் ஒரு டீக்குக்கூட இறங்கவில்லை. வேனை விட்டு இறங்கும்போதே மேலேயிருந்து அழுகை கேட்டது. பத்துப் பன்னிரண்டு குரல்கள் இருக்கும். அத்தனைக்கும் நடுவில் ராக்கம்மா அத்தையின் குரல் தனியாகத் தெரிந்தது. அம்மாவுக்காக இத்தனை பேர் அழுகிறார்களே என்று ஓர் ஆறுதல்கூட வந்தது. அந்த ஆறுதலோடுதான் படியேறினான்.

ஏறி முடித்தால் சத்தம் இல்லை.

வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. தாய் செத்துக் கிடக்கிறாள், வெளியூரிலிருந்து ஒரே மகன் வந்து வாசலில் நிற்கிறான் என்றால், அழுகை உச்சிக்குப் போக வேண்டிய நேரமே அதுதான். நாலு பேர் எழுந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். அழத் தெரியாத மகனையும் அழவைத்துவிட்டுத்தான் விடுவார்கள். இங்கேயோ ராக்கம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த ஞானசுந்தரியிடம், "வெத்தல வச்சிருக்கியா?" என்றாள். ஞானசுந்தரி இடுப்பில் தேடினாள். இன்னொருத்தி மழை வருமா என்று வானத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசல், சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஆபீஸ் வராந்தா மாதிரி ஆகிவிட்டது.

வாசல் பெஞ்சின்மேல் அம்மா ஆண்டாயி கிடந்தாள். நெற்றியில் திருநீறு, தாடையைச் சுற்றி வெள்ளைத்துணிக் கட்டு. இரவு நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவள், விடிவதற்குள் போய்விட்டாள். பாலு காலடியில் உட்கார்ந்தான். பாதம் ஜில்லென்று இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான். யாராவது ஆரம்பித்தால் தனக்கும் அழுகை வந்துவிடும் என்று காத்திருந்தான்.

யாரும் ஆரம்பிக்கவில்லை.

அவன் கூட வந்த பியாட்ரிஸ், வெலிங்டன் பட்டாளத்துப் பண்டகசாலை கிளார்க்கின் மகள், செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் நின்றாள். பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். பாலு கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணா, கட்டிக்கொண்டே கூட்டிவந்துவிட்டானா என்பதைச் சாவு வீட்டில் கேட்பது அழகில்லை. ஆகவே கேட்கவில்லை. கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டார்கள். செல்போன் வைத்திருந்தாள்.

"தாயி, அத அமத்தி வச்சிரு," என்றார் முனியசாமி. ராக்கம்மாவின் புருஷன். லயத்தில் எந்தக் காரியமானாலும் முன்னால் நிற்கிற மனிதர்.

பியாட்ரிஸ் அமர்த்தினாள். விளக்கு அணையும்வரை எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

பாலுவின் தங்கச்சி ராஜகுமாரி உள்ளேயிருந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அண்ணனைப் பார்த்தவள் கட்டிக்கொள்ளவில்லை. அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"உள்ள என்ன?"

"துணிதான்."

"குடு இப்பிடி."

வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. அப்போதுதான் பாலுவுக்கு விஷயம் மெல்ல உள்ளே இறங்கியது. காது மடல் சுட்டது.

விஷயம் லயம் முழுக்கத் தெரிந்ததுதான். சேரம்பாடி பஜாருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது மரியாதை என்பதால் யாரும் பேசுவதில்லை. அதாவது பாலு இருக்கும்போது பேசுவதில்லை.

தேயிலை விலை விழுந்து, எஸ்டேட்டில் வாரம் மூன்று நாள் வேலை என்றாகி, கடைசியில் பேக்டரி அடுப்பும் அணைந்தபோது, அங்கே உருட்டு மிஷினில் நின்றுகொண்டிருந்த பாலு குன்னூருக்குப் போனான். போன இடத்தில் ஓட்டலில் மேஜை துடைத்தான், சர்ச் கிடாரைத் தொட்டுப் பழகினான், பியாட்ரிஸின் வயலினும் ஊட்டி சுரேஷின் மேளமும் சேர்ந்துகொள்ள ஒரு குழு ஆரம்பித்தான். கறுப்புக் கம்பளி என்று பேர். கொழுந்து கிள்ளும் பெண்கள் மழைக்குப் போர்த்திக்கொள்கிற கம்பளியைத்தான் சொல்கிறான். மலையில் அதைப் போர்த்தியவர்களுக்கு அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. விலை விழுந்ததில் ஊருக்கெல்லாம் வயிறு காய்ந்தது, பாலுவுக்கு மட்டும் பாட்டு கிடைத்தது என்று ஒரு பேச்சு அப்போதே உண்டு.

முதல் ஆல்பத்துக்கு 'நாலாம் நம்பர் மலை' என்று பேர். கம்பெனி கிம்பெனி இல்லாமல் தாங்களே பதிந்து, தாங்களே அட்டை அடித்து, தாங்களே விற்றார்கள். எட்டுப் பாட்டு. அதில் ஏழாவது பாட்டுக்கு ஆரம்பத்தில் இரண்டு நிமிஷம் கிடாரும் கிடையாது, மேளமும் கிடையாது. பெண்கள் அழுகிற சத்தம் மட்டும்தான். பிறகு அந்த அழுகைக்குள் வயலின் மெதுவாக நுழையும். பெங்களூரில் அதைக் கேட்டு ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். பேப்பரில் எழுதினார்களாம்.

அது பாலுவின் அப்பா தங்கவேலு செத்த அன்றைக்கு இதே வாசலில் அழுத அழுகை. சட்டைப் பையில் கையடக்க ரெக்கார்டர் வைத்திருந்தான். துக்கத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று பின்னால் சொன்னான். துக்கத்தில் இருக்கிறவனுக்கு நடுவில் பேட்டரி மாற்ற எப்படித் தோன்றியது என்று கேட்டவர்களும் உண்டு. அட்டையில் 'குரல்: தோட்டத்துப் பெண்கள்' என்று போட்டிருந்தான். பெற்றவள் பேரைக்கூடப் போடவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, சிடியை ஊருக்குக் கொண்டுவந்தவனும் அவனேதான். ஞாயிற்றுக்கிழமை பஜாரில் டீக்கடைக்காரரிடம் ஒன்றும் லட்டு டப்பா ஒன்றும் கொடுத்து, போடச் சொல்லிவிட்டு, கைகட்டி நின்றான். லயத்துப் பெண்கள் சாமான் பையோடு நின்று கேட்டார்கள். ஆறு பாட்டுக்குத் தலையாட்டினார்கள். ஏழாவதில் ஒவ்வொருத்தியாகத் தன் குரலைத் தானே அடையாளம் கண்டுகொண்டாள்.

பெண்கள் சாவு வீட்டில் செத்தவருக்கு மட்டுமா அழுகிறார்கள்? அவரவர் நெஞ்சில் கிடப்பதையும் சேர்த்துத்தான் இறக்கிவைக்கிறார்கள். அழுகையில் சொன்னதை மறுநாள் யாரும் எடுத்துப் பேசக் கூடாது. தங்கவேலு சாவில் ராக்கம்மா இறக்கிவைத்தது இது:

"கப்பலேற நாள் குறிச்சான், என் பொன்னே
காகிதத்தில் உன்ன விட்டான்
அக்கா கையில் குடுத்து வந்தேன், என் பொன்னே
ஆருகிட்ட அம்மான்னியோ"

இலங்கையிலிருந்து வரும்போது மூத்த மகள் பேர் பேப்பரில் விட்டுப்போயிருந்தது. மூன்று வயசுப் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினாள். இங்கே வந்து பிறந்த மகன்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. டீக்கடையில் நின்று பாட்டுக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து, "யாரும்மா அது?" என்றார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று லயத்துக்குத் தெரியும். அதை மட்டும் இன்றுவரை யாரும் யாரிடமும் பேசவில்லை.

முனியசாமி பாலுவின் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மூணு மணிக்கு எடுத்துருவோம் தம்பி. குழி வெட்ட ஆள் போயாச்சு."

"மாமா... ஏன் யாரும் அழல?"

"காலையில இருந்து அழுதாச்சுல்ல. தொண்ட காஞ்சிருக்கும்." அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, மூங்கில் வந்துவிட்டதா என்று விசாரிக்கப் போனார்.

பாலு வீட்டின் பின்பக்கம் போனான். ராஜகுமாரி அடுப்பில் பால் விடாத கட்டங்காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"குமாரி, நான் எதுவும் கொண்டு வரல. சத்தியமா."

"தெரியும்."

"பின்ன ஏன் பையப் பூட்டுன?"

"அவங்களுக்குத் தெரியணும்ல." டம்ளரைக் கழுவி வைத்தாள். "ரெண்டு வருசமா அம்மா யார் சாவுலயும் வாயத் தொறக்கல. அது தெரியுமா உனக்கு? அடுத்த எஸ்டேட்ல இருந்தெல்லாம் கூப்புட்டு விட்ட பொம்பள. போவா, முந்தானைய வாயில வச்சுக்கிட்டு உக்காந்துட்டு வருவா. கேட்டா, எம் மகன் ரெக்கார்டர்ல புடிச்சுக்குவான்டின்னு சிரிப்பா."

"சிரிப்பாளா?"

"வேற என்ன செய்வா?"

கட்டங்காப்பி பொங்கியது. இறக்கினாள்.

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே குமாரி."

"நீ என்ன கேட்ட? பாட்டு எப்புடி இருக்குன்னு கேட்ட. நல்லாருக்குன்னு சொன்னா."

 பாலு முன்பக்கம் வந்து, பெண்களுக்கு நடுவில், ராக்கம்மாவின் முன்னால் மண்டியிட்டான். சட்டைப் பையையும் பேண்ட் பையையும் வெளியே இழுத்துவிட்டு, இருந்ததையெல்லாம் தரையில் வைத்தான். கர்ச்சீப், சீப்பு, செல்போன், வேன் ரசீது, கிடார் மீட்டுகிற பிளாஸ்டிக் சில்லு.

ராக்கம்மா சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது என்னது?"

"கிடார் வாசிக்கிறது அத்தை."

"இதுல புடிக்குமா?"

"புடிக்காது."

பின்னால் யாரோ சிரித்து, முந்தானையில் அடக்கிக்கொண்டாள். ஞானசுந்தரி செல்போனை விரலால் தள்ளித் தள்ளி, அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"அழுங்க அத்தை," என்றான் பாலு. "என்னைய நினைச்சு இல்ல. அம்மாவுக்காக."

"நீ சொல்லி அழணுமா எங்க மதினிக்கு? விடியுறதுக்கு முன்னாலருந்து அழுதுக்கிட்டுத்தான் இருந்தோம்."  வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஆண்டாயியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தோளில் கை வைத்தாள். பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"மதினி..." என்று ஆரம்பித்தாள். "மலையெல்லாம் பூத்திருக்கு..."

அவ்வளவுதான். வாய் திறந்தபடி நின்றது. ஒருமுறை பாலுவைப் பார்த்தாள். மறுபடி பிணத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"வரல தம்பி."

பொய்யில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பாலு அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்ல வாயும் இல்லை. ஏனென்றால் அந்தப் பாதி அடி எந்தச் சுருதியில் தொங்கி நின்றது என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 'பூத்திருக்கு' என்பதில் குரல் உடைந்த இடம் தெரிந்திருந்தது. அங்கே வயலின் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தால் நன்றாக இருக்கும் என்பதும் தெரிந்திருந்தது. பெற்ற தாய் இரண்டடி தள்ளிக் கிடக்கிறாள். தலையைத் தூக்கினால் பன்னிரண்டு பேரும் அதைத் தன் முகத்தில் படித்துவிடுவார்கள் என்று பட்டது. தூக்கவில்லை.

குனிந்தபடியே எழுந்தான். தரையில் வைத்ததை எடுக்கவில்லை.

"எங்க தம்பி?" என்றார் முனியசாமி.

"கீழ, வேன் வரைக்கும். தண்ணி எடுக்க, நீர்மாலைக்குக் கூப்புடுங்க மாமா, வாரேன்."

முனியசாமி 'இரு' என்று சொல்லவில்லை. ஒதுங்கி வழிவிட்டார். பியாட்ரிஸும் எழுந்தாள். ராக்கம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ உக்காரு தாயி. அவன் போகட்டும்."

பாலு படியிறங்கினான். இரண்டு பக்கமும் வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கிளை கிளையாய் வழியில் நீட்டிக்கொண்டிருந்தன. வேனுக்குள் சுரேஷ் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தான். சாவு வீட்டுக்கு முன்னால் குழுவின் பேர் எழுதிய வண்டியை நிறுத்தக் கூச்சப்பட்டு, எழுத்துள்ள பக்கத்தை மண் திட்டோடு ஒட்டி நிறுத்தியிருந்தான்.

பாலு முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். கண்ணாடியை ஏற்றினான்.

"எடுக்குற நேரமாச்சா?" என்றான் சுரேஷ்.

"இல்ல."

அங்கிருந்து பார்த்தால் லயத்து வாசல் தெரிந்தது. ராக்கம்மா எழுந்து, படியோரம் வரை வந்து கீழே எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போனாள். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாகச் சேர்ந்தார்கள். ராஜகுமாரி ஓடிவந்து நடுவில் விழுந்தாள். தலைகள் ஒன்றாக முன்னால் சாய்ந்து பின்னால் போயின. ராக்கம்மாவின் வாய் திறந்தது. கண்ணாடியைத் தாண்டி, மெல்லிசாக, ஏதோ வர ஆரம்பித்தது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணு," என்றான் பாலு.

"எங்கடா போகணும்?"

"எங்கயும் இல்ல. சும்மா ஓடட்டும்."

"பெட்ரோல் கொஞ்சம்தான்டா இருக்குது."

"பரவால்ல."

சுரேஷ் அவன் முகத்தைப் பார்த்தான். சாவியைத் திருப்பினான். பழைய வண்டி குலுங்கிக்கொண்டு இரைந்ததில் மேலேயிருந்து வந்த சத்தம் அமுங்கியது. கொஞ்சம் கழித்து, பாலு சொல்லாமலே ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு பேர் மூச்சும் பட்டுக் கண்ணாடி ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. வாசல் மங்கியது, பெண்கள் மங்கினார்கள், கடைசியில் சேலைகளின் நிறம் மட்டும் மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. சுரேஷ் துணியை எடுத்து நீட்டினான். பாலு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.