மைக்கம்மாவும் ராத்திரிச் சாப்பாடும்

ஐம்பத்தாறு வயது வரைக்கும் தனிக்கட்டையாகவே காலம் தள்ளிய மெக்கானிக்குக் கல்யாணம் என்றபோது, பஸ் பணிமனையில் யாரும் நம்பவில்லை. பெண் யார் என்று தெரிந்த பிறகு இன்னும் நம்பவில்லை. பக்கத்துப் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் அந்தக் குரல்தான் பெண். எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி வருஷக்கணக்காக அந்தக் குரலைக் கேட்டவர் மெக்கானிக். ஆளை நேரில் பார்த்தது நாலைந்து தடவைதான். பார்த்தபோதும் கையில் கிரீஸ் இருந்ததால் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மைக்கம்மாவுக்குக் கணவர் இறந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளும் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். அந்த மகள்தான் முன்னே நின்று பேசி முடித்தாள். சம்மதம் சொல்வதற்கு முன்பு மைக்கம்மா ஒரு விஷயத்தை உடைத்துப் பேசினாள்.

"எனக்குப் பதினஞ்சு வருஷமா சுகர் இருக்குங்க. மறைச்சுட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

"எனக்கு ரெண்டு முட்டியும் வலி. சரிக்குச் சரியாப் போச்சு, விடுங்க," என்றார் மெக்கானிக்.

கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஏதோ அலுவலகத்தில் பேசிக்கொள்வதுபோல இருக்கும். ஆனால் ராத்திரிச் சாப்பாடு வேறு மாதிரி. மெக்கானிக்குப் பிற்பகல் ஷிஃப்ட். வேலை முடிந்து, கைகழுவி, வீடு வந்து சேரப் பத்தாகிவிடும். அதுவரை மைக்கம்மா சாப்பிடாமல் காத்திருப்பாள். மீனை அவர் தலை தெரிந்த பிறகுதான் எண்ணெயில் போடுவாள். எதிரெதிரே உட்கார்ந்து, அன்றைக்கு எந்த டிரைவர் யாரோடு சண்டை போட்டான் என்பதிலிருந்து எல்லாக் கதையும் பேசி முடித்து எழுந்திருக்கும்போது கண் சொக்கும். அப்படியே போய்ப் படுத்துவிடுவார்கள்.

ஒரு நாள் விடியற்காலையில் மெக்கானிக்குத் தூக்கம் கலைந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. எழுந்து பார்த்தால், ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து மைக்கம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

'இத்தனை வருஷம் தனியாப் படுத்துத் தூங்கினவங்க. என் குறட்டைக்கு யார்தான் தாக்குப்பிடிப்பாங்க?' என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். குறட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீசல் வாடையாக இருக்குமோ, இல்லை இந்த வயசில் ஏன்டா இந்த வம்பு என்று நினைக்கிறாளோ என்று மனசு எங்கெங்கோ போனது. வாயைத் திறந்து கேட்கத் தைரியம் வரவில்லை. "முதுகு வலிக்குது, தரையில படுத்தாத்தான் சுகமா இருக்கும்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். மைக்கம்மாவின் முகம் சுருங்கியது.

அதோடு அவள் குரலும் மாற ஆரம்பித்தது. பணிமனையில் மற்றவர்கள் கவனிக்கவில்லை. மெக்கானிக் கவனித்தார். அறிவிப்பில் கரகரப்பு, வாக்கியத்துக்கு நடுவே ஒரு செருமல். "தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டால், "தூசிங்க" என்பாள்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியில் பிரேக்கைப் பிரித்துப் போட்டிருந்தார். ஒலிபெருக்கியில், ஏழாம் பிளாட்பாரத்து வண்டி புறப்படத் தயார் என்றது குரல். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி சொன்னது. மூன்றாவது தடவை, "ஏழாம்... ஏழாம்..." என்று இழுத்து நின்றது. ஒரு இருமல். அப்புறம் வெறும் இரைச்சல்.

ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு மெக்கானிக் ஓடினார். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மாடிப்படி ஏறி அறைக் கதவைத் தள்ளினார். மைக்கம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, கை வெடவெடவென்று நடுங்கியது.

"ஏய்! இங்க பாரு. என்னைப் பாரு. மத்தியானம் சாப்பிட்டியா, இல்லையா?"

"மாத்திரை போட்டேன்..."

"சோறு?"

"நெஞ்சு எரிஞ்சுது... அதான் வேணாம்னு..."

"வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுட்டு உக்காந்திருக்கியா? சுகர் இறங்கிடுச்சு, யாராவது சர்க்கரை கொண்டாங்கய்யா!"

மைக் அணைக்கப்படவில்லை. பேருந்து நிலையம் முழுக்க இதைக் கேட்டது. கீழே டீக்கடைக்காரர், எதிரில் நின்ற ஆளுக்குப் பாதி ஊற்றிய டீயை அப்படியே வைத்துவிட்டு, சர்க்கரை டப்பாவோடு படியேறி வந்தார். தண்ணீரில் கலக்கி, மெக்கானிக் தன் கறுத்த கையாலேயே மெல்ல மெல்லக் குடிக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. மைக்கம்மாவின் பார்வை முதலில் போனது மைக்கின் சிவப்பு விளக்குக்குத்தான்.

"ஐயோ, மானமே போச்சு," என்றாள். கை நீட்டி மைக்கை அணைத்தாள்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனார்கள். பொறுமையான பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்றார்.

"எட்டு," என்றாள் மைக்கம்மா.

"பத்து," என்றார் மெக்கானிக், அதே மூச்சில்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சுகர் ரொம்ப வருஷம் இருந்தா சில பேருக்கு வயித்து நரம்பு மந்தமாயிடும்மா. சாப்பாடு சீக்கிரம் கீழே இறங்காது. நீங்க பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்தா, அது வந்த வழியே மேலே வருது. அந்தப் புளிப்புதான் நெஞ்சை எரிக்குது, தொண்டையையும் புண்ணாக்குது. உங்களுக்கும் அதுதானான்னு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம். அதுவரைக்கும் மருந்து தரேன். ஆனா எரியுதுன்னு சாப்பாட்டை மட்டும் விடக் கூடாது. இன்னைக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தீங்க இல்ல? கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்க, எண்ணெயைக் குறைங்க. படுக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி முடிச்சுடணும்."

திரும்பும் வழியில் ஆட்டோவில் மெக்கானிக்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"அப்ப அந்த நாற்காலி... அதுக்குத்தானா? நான் என் குறட்டைதான் காரணம்னு நினைச்சேன்."

"படுத்தா தொண்டை வரைக்கும் எரிஞ்சுக்கிட்டு வரும். உக்காந்தா கொஞ்சம் தேவலை. நீங்க பாயைச் சுருட்டிக்கிட்டுப் போனதும், என் இருமல் தாங்காமத்தான் போறீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"சொன்னா என்ன சொல்வீங்க? எனக்காகக் காத்திருக்காதீங்க, நேரத்துல சாப்பிட்டுப் படுங்கன்னுவீங்க." மைக்கம்மா வெளியே பார்த்தாள். "இத்தனை வருஷமா அடுப்படியில நின்னுக்கிட்டே பாத்திரத்தோட சாப்பிட்டவ நான். தட்டு வெச்சு, எதிர்ல ஒரு ஆள் உக்காந்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டு... அதை விட்டுக்கொடுக்க மனசு வரலை."

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "சரிங்க, ஏதாவது வழி பண்ணலாம்," என்றார்.

"ஊருக்கே கேக்கற மாதிரி மைக்ல நீ, வா, போன்னுட்டு இப்ப என்ன 'ங்க'?" என்றாள் மைக்கம்மா.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். மெக்கானிக்குக் காது சிவந்துவிட்டது.

வழி கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. அவருக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் இடைவேளை உண்டு. அவள் வேலை முடிவதும் அப்போதுதான். காலையிலேயே சமைத்து எடுத்துவரும் சாப்பாட்டை மைக்கம்மா பணிமனைக் கேன்டீனில் சூடு பண்ணி வாங்கிக்கொள்வாள். பழைய டயர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, மெக்கானிக் அதை இரண்டு முறை துடைத்து வைப்பார். அங்கேதான் இனி ராத்திரிச் சாப்பாடு. "புதுமாப்பிள்ளைக்கு விருந்து நடக்குது, யாரும் ஹாரன் அடிக்காதீங்கப்பா" என்று கிண்டல் வராத நாள் இல்லை. மைக்கம்மா கிண்டல் பண்ணுகிறவனுக்கும் ஒரு துண்டு மீன் கொடுத்து வாயை அடைத்தாள். இப்போது மீனை எண்ணெயில் பொரிப்பதில்லை, அவித்துவிடுகிறாள். முதல் வாரம் அதைத் தின்பதற்கு மெக்கானிக் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினால் நல்லது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் சக்கரம் உருளாமல் முட்டுக்கொடுக்கிற கட்டை இரண்டை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்து, தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் சொருகி, ஆடுகிறதா என்று தானே குதித்துப் பார்த்தார். கூடத்துப் பாய் பரணுக்குப் போனது.

டெஸ்ட் முடிவு வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான். வயிறு மந்தமாகத்தான் வேலை செய்தது. சுகர் மாத்திரையையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தார். குரல் ஒரேயடியாகத் தெளியவில்லை. நல்ல நாளும் உண்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாளும் உண்டு. ஆனால் சாப்பாட்டை விடுவது மட்டும் நின்றது.

சில மாதம் கழித்துப் போனபோது டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிட்டு வருது. வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

மெக்கானிக் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தக் கட்டிலைக் கொஞ்சமாவது இறக்கிக்கலாமாம்மா? ராத்திரி தலைமாட்டுல படுக்கறேன், காலையில பார்த்தா கால்மாட்டுல கிடக்கறேன்."

"கூடவே கூடாது."

"காலுக்கு ஒரு தலையணை வெச்சு முட்டுக்கொடுத்துக்கோங்கன்னு சொன்னேன் டாக்டர், கேக்கலை," என்றாள் மைக்கம்மா.

"வெச்சுப் பார்த்தேன்," என்றார் மெக்கானிக். "அதையும் சேர்த்து இழுத்துக்கிட்டுத்தான் போறேன்."