காத்திருப்புப் பொத்தான்

எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறக்கும்போது காற்று நம் முதுகில் பட வேண்டும். உள்ளிருந்து வரும் வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் நாற்றமே தெரியாது. மூக்கைத்தான் அது முதலில் கொல்லும். அன்று மென்டோன் ஊர்ப் பக்கம் காற்றே இல்லை. பிற்பகல் மூன்று மணி, நூற்றெட்டு டிகிரி வெயில். எண்ணெய்க் கிணற்றடியில் சரக்கேற்ற ஏழு டாங்கர் லாரிகள் வரிசையாக நின்றன. முதலில் ஃபிடென்சியோ, அடுத்து நான்.

அவன் மகளுக்கு நான்தான் ஞானத்தகப்பன். அந்த உறவில் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஐந்து மணி நேரம் காத்துக் கிடந்தபோது ரேடியோவில் என்னிடம் சொன்னான்:

"வரிசைல நிக்கறதுதான் நமக்கு லீவு, கொம்பாத்ரே. வீட்ல படுத்தா ஒராலியா குப்பை கொட்டச் சொல்றா."

முறை வந்ததும் தொட்டியின் இருபதடி ஏணியில் ஏறினான். மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவை உள்ளே விட்டான். குண்டு அடியைத் தொட்டதும் நாடாவை மேலே சுற்றி, எண்ணெய் எந்தக் கோடு வரை நனைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏற்றுமுன் ஒரு தடவை, ஏற்றிய பின் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லாரியில் இருக்கும் எண்ணெய். கறுப்பு எண்ணெயில் கால் அங்குலக் கோடு எளிதில் தெரியாது. முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். அப்படிக் குனிந்தவன் அங்கேயே சரிந்து உட்கார்ந்தான்.

நாங்கள் ஆறு பேரும் கீழேயே நின்றோம். சுவாசக் குப்பி இல்லாமல் ஏறினால் ஏறுகிறவனும் சாவான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். குப்பியோடு ஆட்கள் வரப் பதினோரு நிமிடம் ஆனது. அதற்குள் அவன் உயிர் போயிருந்தது.

நான்கு நாள் கழித்து, கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி கெஸ்லர் என்னைப் பெக்கோஸ் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். காபி கொடுத்தார். ஃபிடென்சியோவின் லாரியில் வேலை நேரத்தையும் ஓய்வையும் பதிகிற கருவியிலிருந்து எடுத்த தாளைக் காட்டினார். இறந்த நேரத்தில் அவன் ஓய்வில் இருந்ததாக அதில் இருந்தது. வேலை நேரத்தில் செத்தால்தான் காப்பீடு உண்டு. அவன் மனைவி ஒராலியாவுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் எதுவும் வராது என்பதைத்தான் அந்தத் தாள் சொன்னது.

அது எப்படி ஓய்வானது என்று எனக்குத் தெரியும். வேலை தொடங்கிப் பதினான்கு மணி நேரத்துக்குப் பிறகு லாரி ஓட்டக் கூடாது என்பது சட்டம். கிணற்றடியில் காத்திருக்கும் நேரம் மட்டும் அந்தக் கணக்கில் சேராது; அதற்கென்று கருவியில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் ஓய்வு என்று பதியும். முறை வந்ததும் மறுபடி அழுத்தி வேலைக்கு மாற வேண்டும். ஆனால் எங்களுக்குக் கூலி நடைக்கு இத்தனை என்றுதான். நின்ற நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. அளந்து, ஏற்றி, குழாயைக் கழற்ற முக்கால் மணி நேரம் ஆகும். அதையும் காத்திருப்பிலேயே விட்டுவிட்டால் நாள் முடிவில் இன்னொரு நடைக்கு நேரம் மிஞ்சும். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதுதான் நாங்கள் எல்லோரும் பொத்தானை மாற்றுவோம்.

அவனாகச் சும்மா மேலே ஏறிப் பார்த்திருக்கலாம் இல்லையா என்று கெஸ்லர் மெதுவாகக் கேட்டார். அப்படி எழுதிக் கொடுத்தால் என்னை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்றார்.

"ஓய்வுல இருக்கறவன் நாடாவ உள்ள விட மாட்டான். அவன் வேலைதான் பாத்தான். பொத்தான மாத்தல, அவ்வளவுதான்."

"அப்ப நீங்களும் மாத்தறதில்ல?"

என் பழைய பதிவுகள் அவர் மேசையில் அடுக்கியிருந்தன.

"இல்ல," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு வருத்தத்தோடுதான் சொன்னார்: "அப்படின்னா அவர் பொய்ப் பதிவு போட்டாருன்னு ஆகுது, அன்செல்மோ. அதுக்கும் காப்பீடு கிடைக்காது. உங்க லாரிச் சாவிய வெச்சிட்டுப் போங்க."

ஒராலியாவின் வீட்டில் சமையல் மேசை முழுக்க அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த தமால் என்ற சோளமாவுப் பலகாரத் தட்டுகள், பிரிக்காமலே இருந்தன. பக்கத்து நகரமான ஒடெஸாவில் ஒரு வக்கீல் வழக்கை எடுக்கத் தயாராம். அவள் புருஷன் வேலையில் இருந்தான் என்று கண்ணால் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். ஜெயிக்குமா என்று வக்கீல் சொல்லவில்லை.

"தூங்கிட்டிருந்தாருன்னு சொல்றாங்க, கொம்பாத்ரே."

இல்லை என்றேன். ஏணி, மூடி, குண்டு, நாடா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்தக் கையால் நாடாவைச் சுற்றுவான் என்று கேட்டாள். வலது கை என்றேன். வக்கீலின் தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை மெதுவாக வாசித்தாள். பொத்தான் பற்றிய வரியில் விரல் நின்றது.

"ரெண்டு வருஷம் முன்னாடி கம்பெனில சேந்தப்ப இவருக்கு இதெல்லாம் தெரியாதே. யார் சொல்லிக் குடுத்தது?"

பக்கத்து அறையில் என் ஞானமகள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"நான்தான்," என்றேன்.

ஒராலியா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"அதையும் எழுதுங்க," என்றாள்.