பக்கீர் முகம்மதுவின் பச்சை பெல்ட்

பக்கீர் முகம்மது மௌத்தாகி சில வருஷம் கழித்து, நாகூரில் தெருவுக்கொரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூற்றாறில், அவருடைய பச்சை பெல்ட் பீரோவிலிருந்து தானாக இறங்கி வீட்டைச் சுற்றிப் பார்த்தது. கைலிக்கு மேல் கட்டும், பை வைத்துத் தைத்த அகலமான தோல் பெல்ட். அவருடைய வாப்பா கட்டியதும் அதுதான். இருவருமே ஐம்பதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தவர்கள். இடுப்பு பெருத்தபோதெல்லாம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டதுதான் அவர்கள் செய்த ஒரே வைத்தியம். பெரியவர் வெயிலில் வந்து ஐஸ் தண்ணீர் குடித்ததால் போனார், பக்கீர் முகம்மது கண்ணேறு பட்டுப் போனார் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். சர்க்கரை என்ற சொல்லை அவர் மனைவி கமருன்னிஸா டீ போடும்போதுகூடச் சொல்லமாட்டாள், சீனி என்றுதான் சொல்வாள். பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டியவள். நோய்க்கார வீடு என்று பெயர் வாங்கிவிட்டால் எவன் வருவான்? அவளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊரே வாயைத் தைத்துக்கொண்டுதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தது.

பெல்ட் மகன் ஷஹ்பாஸைத் தேடுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். குவைத்திலிருந்து அவன் லீவில் வந்தபோது தொப்பை அவனுக்கு முன்னால் வாசற்படி ஏறியது. தெருவே அதைப் பார்த்து, பிள்ளை நல்லா சம்பாதிக்குது என்று மெச்சியது. பெல்ட் அவன் இடுப்பை அளந்து, வேண்டுமட்டும் இறுக்கி அவனுக்கு வியர்க்கவைத்தது. அதோடு விடவில்லை. நேராகத் தங்கை தஹ்மீனாவின் காலடியில் போய்ச் சுருண்டு படுத்தது. ஆம்பிளைகள் நோய் பொம்பிளைப் பிள்ளைக்கு எப்படி வரும் என்று கமருன்னிஸா அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, மேலே அரிசி மூட்டையையும் ஏற்றினாள். தஹ்மீனாவுக்குக் கழுத்தைச் சுற்றிக் கறுத்திருந்தது. செயின் உரசிய அழுக்கு என்று உம்மாக்காரி கடலைமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் தோல் எரிந்ததே தவிர, கறுப்பு போகவில்லை.

நாகப்பட்டினத்தில் பூத் வைத்திருந்த பாசித்துக்காக அவன் உம்மா ஆமினா பெண் பார்க்க வந்த அன்று, இறால் வைத்துச் சுட்ட வாடாவும் டீயும் வைத்த நேரத்தில், அரிசி மூட்டை உருண்டது. பெல்ட் கூடத்தைக் கடந்து வந்து, பட்டுச்சேலைக்கு மேலே தஹ்மீனாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

“எலித் தொல்லைங்க. அதுதான் இழுத்துட்டு வந்திருக்கும்” என்றாள் கமருன்னிஸா.

“எலி இல்ல உம்மா” என்றாள் தஹ்மீனா. “வாப்பாவுக்குச் சர்க்கரை இருந்துச்சு. அவங்க வாப்பாவுக்கும் இருந்துச்சு. எனக்கும் வந்துருமோன்னு பயமா இருக்கு. மறைச்சுட்டுக் கட்டிக்க என்னால முடியாது.”

கமருன்னிஸா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சம்பந்தம் போயிற்று என்றே அவள் நினைத்தாள். ஆமினா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“அழாதீங்க லாத்தா. எங்க வீட்டுக்காரவங்க மாரடைப்புலதான் போனாங்க. விஷக்காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கோம். அவங்க செருப்பு விடியக்காலை சுபுஹு தொழுகை முடிஞ்சதும் தினமும் வாசப்படியைத் தட்டி, நடக்க வாடான்னு பாசித்தைக் கூப்பிடுது. இவன் போர்வையை இழுத்து மூடிக்கிறான்.”

மறுவாரம் தஹ்மீனாவையும் பாசித்தையும் டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். பெல்ட்டும் கூடவே போனது. இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை, ஆனால் இடுப்பு, பிரஷர், ரத்தக் கொழுப்பு எல்லாம் சேர்ந்து அந்த வழியில்தான் நடக்கின்றன, கழுத்துக் கறுப்பும் அழுக்கல்ல, அதற்கு அடையாளம்தான் என்றார் அவர். “வீட்டுல யாருக்கு என்ன இருந்துச்சுன்னு முன்னாடியே சொன்னீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு. திருப்பிடலாம்.”

நிக்காஹ் முடிந்து, ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே குடிவந்தான். அன்று சாயந்திரம் அவன் வாப்பாவின் செருப்பும், ரோட்டுப் புழுதியோடு, நாகப்பட்டினத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தது. அதிலிருந்து தினமும் காலையில் செருப்பு முன்னால் போக, பாசித்தும் தஹ்மீனாவும் பின்னால் கடற்கரைக்கு நடந்தார்கள். முதலில் ஊர் சிரித்தது. பிறகு கூடவே நடந்தது. குவைத்தில் ஷஹ்பாஸும் சோற்றைக் குறைத்து நடக்கத் தொடங்கினான். பெல்ட்டின் பழைய ஓட்டைகள் வெளிக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. சம்பந்தம் பேசும்போது சீருக்கு முன்னால் நோயைப் பேசுவது அந்தத் தெருவில் வழக்கமானது. மணல் காலோடு செருப்பு உள்ளே வந்தால் கமருன்னிஸா திட்டுவாள், அதுவும் வெளியே போய் உதறிவிட்டு வரும்.

வாப்பா போன வயசைத் தஹ்மீனா தாண்டிய அன்று காலையில், இத்தனை வருஷமாக அவள் இடுப்பை விடாத பெல்ட்டைக் காணோம். தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் நஜ்மா ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். பெல்ட் அவள் இடுப்பில் இருந்தது. தஹ்மீனாவுக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை.

“மெதுவா நட, புள்ள. செருப்புக்கு வயசாயிடுச்சு” என்றாள்.